மங்காத பச்சை

ஜனவரி 11

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் நீ பொய்தான் எழுதுவாய். அதனால் 'சாப்பிடு' என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இங்கே எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. உன் அத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். அணைத்தால் போதும், "பாத்துட்டுத்தானே இருக்கேன்" என்று எழுந்துகொள்கிறார்.

போனில் பேசினால் என்ன, கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ 'ம்', 'சரிக்கா', 'வேலையா இருக்கேன்க்கா' இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். எழுதினால்தான் உனக்கு முழு வாக்கியம் வருகிறது.

தோல் கொடுத்தாகிவிட்டது. நீ சொன்ன ஆஸ்பத்திரி, நீ சொன்ன நர்ஸ். முழங்கைக்கு மேலே உள்பக்கம், ஒரு மிளகு அளவு. எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. அம்மாவுக்குத் துணை என்று வாலுவும் கூட வந்திருந்தாள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே உனக்கு அனுப்பிவிட்டார்கள்.

வாலுவைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. மாப்பிள்ளைக்குக் குழந்தை என்றால் உயிர். இவளும் நாள் முழுக்க ஊரார் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதுகளைப் பற்றியே பேசுகிறாள். ஆனால் "தாத்தாவோட நோய் எனக்கு இருக்கா இல்லையான்னு தெரியாம நான் பெத்துக்க மாட்டேம்மா" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பரிசோதனைக்குப் போகிறேன் என்றாள். நான் விடவில்லை. அவள் பெயர் போட்டு ஒரு தாள் வந்துவிட்டால் அது ஆயுசுக்கும் அவள் பின்னாலேயே வரும்.

அப்பா நடந்துபோனதைப் பார்த்து, பட்டப்பகலில் குடித்துவிட்டு வருகிறார் என்று தெருவே பேசியது. நீ ஹாஸ்டலில் இருந்தாய், கேட்கவில்லை. நான் கேட்டேன். அப்பாவைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவள் நான்தான்.

எனக்கு இல்லையென்றால் வாலுவுக்கு வர வழியே இல்லை என்று நீதானே சொன்னாய்? அந்த ஒரு வார்த்தையை எழுது. அவள் தொட்டில் வாங்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


பிப்ரவரி 3

அன்பு அக்காவுக்கு,

சாப்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், சத்தியமாக. நீயும் அத்தானும் நன்றாக இருப்பதில் எனக்கு நிம்மதி. எனக்குச் சளியும் கழுத்து வலியும். இரண்டும் பழகிப்போனவை.

பெட்டி பத்திரமாக வந்தது. உன் தோலைப் பொடியாக நறுக்கித் தட்டில் பரப்பிவிட்டேன். இப்போது அதிலிருந்து செல்கள் ஊர்ந்து வெளியே வந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைக்கும் அலமாரி எப்போதும் உடம்புச் சூட்டிலேயே இருக்கும். அறை என்னவோ குளிரில் விறைக்கிறது. எங்களுக்கு ஸ்வெட்டர், செல்களுக்கு ராஜ உபசாரம்.

நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒவ்வொரு முறையும் கேட்பாய், நானும் ஒவ்வொரு முறையும் குழப்புவேன். இந்த முறை ஒழுங்காகச் சொல்கிறேன். செல்லுக்குள் ஓயாமல் புரதங்கள் தயாராகின்றன. அதில் கோணலாகிப்போனதன் மேல், இது குப்பை என்று ஓர் அடையாளம் ஒட்டப்படும். அடையாளம் ஒட்டியதை உள்ளே இழுத்து நறுக்கிப்போட, பீப்பாய் மாதிரி ஓர் இயந்திரம் உண்டு. அப்பாவின் நோயில் அடையாளம் ஒழுங்காகத்தான் ஒட்டப்படுகிறது. பீப்பாய் அடைத்துக்கொள்கிறது. குப்பை சேர்ந்துகொண்டே போகிறது. தோல் செல் இரண்டாகப் பிரிந்து பிரிந்து அந்தக் குப்பையைப் பங்கு போட்டுச் சமாளித்துவிடும். மூளையில் இருக்கும் நரம்புச் செல் பிரியாது. அது குப்பையோடேயே கிடந்து சாகும்.

பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றைச் செல்லுக்குள் விட்டுவிட்டு, அது எவ்வளவு வேகத்தில் மங்குகிறது என்று பார்ப்பேன். நல்ல செல்லில் சாயங்காலத்துக்குள் மங்கிவிடும். நோயுள்ள செல்லில் பச்சை அப்படியே நிற்கும். என் ஆராய்ச்சி மொத்தமும் இவ்வளவுதான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எது யாருடையது என்று தெரிந்துவிட்டால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். அதனால் எங்கள் தலைவர் பெயர்களைக் கிழித்துவிட்டு எண்களை ஒட்டிவிட்டார். என் தோலையும் கொடுத்திருக்கிறேன். ஆக, நாம் இருவரும் இப்போது இரண்டு எண்கள். எது நீ, எது நான் என்று எனக்கே தெரியாது. முடிவை யாருக்கும் சொல்லக் கூடாது என்றும் விதி இருக்கிறது. 'நீ எனக்குச் சொல்வியா மாட்டியா' என்று கேட்காதே. சொல்வேன்.

இரண்டில் ஒரு தட்டு கிடுகிடுவென்று வளர்கிறது. இடம் போதவில்லை. வேறு தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறேன். அது என்னுடையதாகத்தான் இருக்கும், நான்தானே சின்னவள்! உன்னுடையது உன்னைப் போலவே நிதானமாக வருகிறது.

வாலுவுக்கு என் முத்தம்.

உன் தங்கை


பிப்ரவரி 24

சின்னவளுக்கு,

சளி விட்டதா? கழுத்து வலிக்குத் தலையணையை மாற்று. ஆராய்ச்சி பண்ணுகிறவளுக்கு இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்குப் புதிதாக ஒரு வக்கீல் கற்றுக்கொள்ள வருகிறார். வளைவில் திருப்புங்கள் என்றால், ஏன் திருப்ப வேண்டும் என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வாதாடுகிறார். போன வாரம் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துத் தொலைத்தார். என் பக்கத்தில் இருக்கும் பிரேக்கை மிதிக்கப் போனேன், கால் சறுக்கி ஓரமாகப் போய்விட்டது. வண்டி குப்பைத் தொட்டியில் முட்டி நின்றது. ஆளுக்கு ஒன்றுமில்லை. "மேடம், இதுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்கிறார் மனுஷன்! புதுச் செருப்பால் வந்த வினை. தூக்கிப் போட்டுவிட்டேன்.

வாலு வாராவாரம் "சித்தி எழுதினாங்களா, சித்தி எழுதினாங்களா" என்று பிடுங்கி எடுக்கிறாள். மாப்பிள்ளை வாயைத் திறப்பதில்லை. ஆனால் அவர் அக்கா குழந்தை வந்துவிட்டால் அதைக் கீழே விடுவதே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு இவள் சமையலறைக்குப் போய்விடுகிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

பச்சை மங்கிற்றா?

அக்கா


மார்ச் 19

அன்பு அக்காவுக்கு,

நலம். எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே நுண்ணோக்கி ஒன்று பழுதாகி, சரிபார்க்கிறவர் வந்து போனார். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டியிருக்கிறது. இன்னும் சொல்லும்படியாக எதுவும் இல்லை. வாலுவை அவசரப்பட வேண்டாம் என்று சொல்.

செருப்பைப் பற்றி எழுதியிருந்தாய். சறுக்கியது எந்தக் கால்? அதற்கு முன்னாலும் எப்போதாவது அப்படி ஆகியிருக்கிறதா?

வக்கீலை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நீ கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் நல்லது. சும்மாதான் சொல்கிறேன்.

உன் தங்கை


ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்.

எந்தக் காலா? நான் எழுதிய பத்து விஷயத்தில் உனக்கு அது ஒன்றுதான் கண்ணில் பட்டதா? வலது கால். போதுமா? முன்னால் ஆனதில்லை. பின்னால் ஒருமுறை ஆனது, மாடிப்படியில். படி ஈரமாக இருந்தது. ஐம்பது வயதில் ஈரப் படியில் கால் வைத்தால் யாருக்கும் வழுக்கும்.

எனக்கு ஓய்வு எதற்கு? இருபது வருஷமாக நான் லீவு போட்டதில்லை, நீயும் போடச் சொன்னதில்லை. சும்மாதான் சொல்கிறேன் என்று நீ எழுதினால் அது சும்மா இல்லை. சின்ன வயதில் என் பேனாவை உடைத்துவிட்டு "சும்மாதான் வந்தேன்க்கா" என்று வந்து பக்கத்தில் உட்காருவாயே, அந்தச் சும்மா இது.

போனும் எடுப்பதில்லை. நான்கு முறை கூப்பிட்டேன். எதையோ பார்த்துவிட்டாய். சொல்லித் தொலை. நான் தாங்குவேன். அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டியவள் நான், எனக்குத் தெரியாத நோயா? எனக்காக நான் கேட்கவில்லை. அவளுக்கு முப்பத்தொன்று ஆகிறது.

அக்கா


மே 30

அன்பு அக்கா,

உன் கடிதம் வந்து இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நுண்ணோக்கி பழுதாகவில்லை. அது பொய்.

மார்ச் மாதமே தெரிந்துவிட்டது. நம் இரண்டு தட்டுகளில் ஒன்றில் பச்சை மங்கிவிட்டது. இன்னொன்றில் சாயங்காலம் பார்த்தேன், மறுநாள் காலையில் பார்த்தேன், அப்படியே நின்றது. நான் விட்ட மருந்து சரியில்லையோ என்று புதிதாகக் கலக்கிச் செய்தேன். அப்போதும் நின்றது. வேகமாக வளர்ந்த தட்டுதான் அது. அதை என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் இல்லையா? அந்தச் சில நாள் எனக்குத்தான் நோய் என்றே இருந்தேன். சொன்னால் நம்பமாட்டாய், அதில் ஒரு மாதிரி அமைதிகூட இருந்தது. இருபத்தைந்து வயதிலிருந்து அதற்குத்தானே தயாராகிக்கொண்டிருந்தேன். படிப்புக்காகக் கல்யாணம் வேண்டாம் என்கிறாள் என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். படிப்பு ஒரு சாக்கு. அப்பாவைப் போல ஆகப்போகிறவள் இன்னொருத்தர் வாழ்க்கையை ஏன் கெடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் உன் கால் சறுக்கியதைப் பற்றிய கடிதத்தைத் திரும்பப் படித்தேன். பொறுக்க முடியவில்லை. தலைவர் ஒரு நாள் மதியம் கூட்டத்துக்குப் போனபோது அவர் மேசை இழுப்பறையைத் திறந்து யார் எந்த எண் என்று பார்த்துவிட்டேன். தெரிந்தால் என் வேலை போகும். போகட்டும்.

மங்கிய தட்டு என்னுடையது. மங்காதது உன்னுடையது.

ஜீனையும் படித்துப் பார்த்துவிட்டேன். சந்தேகத்துக்கு இடமில்லை. அக்கா, எனக்கு இல்லை என்று தெரிந்ததும் ஒரு மூச்சு நேரம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உன் ஞாபகம் வந்தது. அந்த ஒரு மூச்சை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்: உனக்கு இருப்பதால் வாலுவுக்கு இருந்தே தீரும் என்று இல்லை. பாதிக்குப் பாதி. உனக்கு இருந்தும் அவளுக்கு இல்லாமல் போகலாம், எனக்கு இல்லாமல் போன மாதிரி. அவள் பரிசோதித்துக்கொள்ளட்டும். இனி தடுக்காதே. இந்த வீட்டில் ஒரு நல்ல செய்தி இன்னும் பாக்கி இருக்கிறது என்று நம்பித்தான் இதையே எழுத முடிந்தது.

லீவு கேட்டிருக்கிறேன். வந்துவிடுகிறேன்.

உன் தங்கை


ஜூன் 13

சின்னவளுக்கு,

வர வேண்டாம்.

அது என் தோல் இல்லை.

அன்றைக்கு அந்த நர்ஸ் குழல் மாதிரி ஒரு கத்தியை எடுத்தாள். எனக்குக் கண் இருட்டிவிட்டது. நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டேன். முகத்தில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்தார்கள். மறுபடி கையை நீட்டினேன், மறுபடி சரிந்தேன். வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஊரையே மிரட்டி வண்டி ஓட்டவைக்கிற ஆளு, இதுக்குப் போய்! எழுந்திரும்மா, நான் குடுக்கறேன். ஒரே ரத்தம்தானே, சித்திக்கு எதுவா இருந்தா என்ன?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நர்ஸுக்கும் வெளியே கூட்டம் காத்திருந்தது. என் பெயர் ஒட்டிய குப்பியிலேயே போட்டுவிட்டாள்.

எனக்கு ஊசிப் பயம் என்று எழுதினால் நீ ஆயுசு முழுக்கக் கேலி பண்ணுவாய். அதற்காகத்தான் எழுதவில்லை. வேறு ஒரு காரணமும் கிடையாது. அவளுக்கே நேராகப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லதுதானே என்றுகூட நினைத்தேன். கெட்டது வரும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

கிடுகிடுவென்று வளர்கிறது என்று எழுதியிருந்தாயே. வளராமல் என்ன செய்யும்? முப்பத்தொரு வயதுத் தோல்.

அவளுக்கு இருக்கிறது என்றால் எனக்கும் இருக்கிறது. அதை நீ சொல்லித் தர வேண்டியதில்லை. என்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, போகிற கட்டை போகட்டும். அவளுக்கு நான் கொடுத்துவிட்டேன் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

உன் கடிதத்தை அத்தான் கண்ணில் படாமல் எரித்துவிட்டேன்.

அக்கா


ஜூன் 21

சின்னவளுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

நேற்று வாலு வந்திருந்தாள். தலையெல்லாம் குளத்துத் தண்ணீர் வாடை. "சித்தி எழுதினாங்களா?" என்றாள். இல்லை என்றேன். "என் தோல் அவங்களுக்குப் பிடிக்கல போல" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகு நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

எனக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. அவளுக்கு ஒரு கடிதம் எழுது. 'எல்லாம் நல்லபடி இருக்கிறது, நிம்மதியாக இரு' என்று எழுது.

நீ கொதிப்பாய், தெரியும். பொய் சொல்லிக் குழந்தை பெறவைப்பதா என்பாய். யோசித்துப் பார். அப்பாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் நீயும் நானும் பிறந்திருப்போமா? ஐம்பது வயதுவரை அவர் பஸ் ஓட்டினார், பாட்டுப் பாடினார், நம் இரண்டு பேரையும் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தார். தெரியாததால்தான் வாழ்ந்தார். நானும் தெரியாததால்தான் அவளைப் பெற்றேன். அவள் பிறந்து எட்டு வருஷம் கழித்துத்தான் அப்பாவுக்குக் கை நடுங்கியது. எனக்கு அவளைப் பெற்றதில் இன்றைக்கும் வருத்தமில்லை. அவளுக்கு இன்னும் இருபது வருஷம் நல்ல வருஷம் இருக்கிறது. அதற்குள் உங்கள் கூட்டம் மருந்து கண்டுபிடித்தாலும் பிடிக்கும். அந்த இருபது வருஷத்தை ஏன் பிடுங்குகிறாய்?

விதி, முறை என்று ஆரம்பிக்காதே. இழுப்பறையைத் திறந்தபோது எங்கே போயிற்று உன் விதி?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. உனக்கு இல்லை. இல்லாதவள் இருக்கிறவளுக்காக முடிவு பண்ணாதே.

அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

நீ எழுதிய கடைசி வரி உண்மை.

ஆனாலும் நல்லபடி இருக்கிறது என்று என்னால் எழுத முடியாது. அந்தப் பொய்யை நம்பி ஒரு குழந்தை பிறந்து, ஐம்பது வருஷம் கழித்து அது நடக்க முடியாமல் சுவரைப் பிடிக்கும்போது நீயும் இருக்கமாட்டாய், நானும் இருக்கமாட்டேன். அவள் இருப்பாளோ என்னவோ.

அதற்காகப் போய் அவளிடம் போட்டு உடைக்கவும் மாட்டேன். அது அவள் தோல். அவள் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்லமாட்டேன். அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். எந்தப் பக்கமும் சாயாமல், ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். படித்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. பயப்படாதே.

உனக்காக ஒரு நரம்பு டாக்டரிடம் பேசி வைத்திருக்கிறேன். வண்டியில் அந்தப் பக்கத்து பிரேக்கை நம்பி இனி உட்காராதே அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

என்மேல் கோபம் இருந்தாலும் எழுது.

தங்கை


ஜூலை 14

அன்புள்ள வாலுவுக்கு,

நீயும் உன் கணவரும் சுகமாக இருக்க வேண்டும். உன் குட்டி நீச்சல் பட்டாளம் எப்படி இருக்கிறது?

ஜனவரியில் வந்தது உன் தோல்தான் என்று அம்மா எழுதினாள். அம்மா மயங்கி விழுந்த கதையையும் எழுதினாள். என் தோலையும் உன்னுடையதோடு சேர்த்தே சோதித்தோம். எனக்கு அந்த நோய் இல்லை. இதை நான் உனக்குச் சொல்லலாம், ஏனென்றால் இது என்னுடைய முடிவு.

உன்னுடைய முடிவும் என்னிடம் இருக்கிறது. அது உனக்குச் சொந்தமானது. அதைத் தெரிந்துகொள்ள உனக்கு எவ்வளவு உரிமை உண்டோ, தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவ்வளவு உரிமை உண்டு. நீ கேட்டால் நானே நேரில் வந்து சொல்வேன். கேட்காவிட்டால் என் வாயிலிருந்து ஒருநாளும் வராது. அவசரமே இல்லை. உன் கணவரோடு பேசு. இப்படிப்பட்ட விஷயங்களில் ஆலோசனை சொல்ல என்றே தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், வேண்டுமென்றால் முகவரி தருகிறேன்.

முடிவு எதுவாக இருந்தாலும் இந்தக் கடிதத்தை நான் இதே சொற்களில்தான் எழுதியிருப்பேன். அதனால் இதிலிருந்து எதையும் ஊகிக்காதே.

உன் மேல் உயிராக இருக்கும்
சித்தி


ஆகஸ்ட் 5

அன்புள்ள சித்திக்கு,

வணக்கமும் ஒரு பெரிய கட்டிப்பிடிப்பும். கழுத்து வலி எப்படி இருக்கிறது? நீச்சல் பட்டாளம் அமர்க்களமாக இருக்கிறது. தண்ணீரைக் கண்டாலே அலறிக்கொண்டிருந்த ஒரு சுண்டெலி போன வாரம் கையை விட்டுவிட்டுத் தானாக மிதந்தது.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே சொற்களிலா? சித்தி, நல்ல முடிவாக இருந்தால் நீங்கள் கடிதமே எழுதியிருக்கமாட்டீர்கள். "அடியே வாலு, ஒண்ணுமில்லடி!" என்று போனில் கத்தியிருப்பீர்கள். விதியாவது ஒன்றாவது! ஒவ்வொரு சொல்லையும் இப்படித் தராசில் நிறுத்து எழுதியிருக்கிறீர்கள் என்றால், நிறுக்க வேண்டிய விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் வர வேண்டியதில்லை. நான் கேட்கவும் போவதில்லை. கேட்டு உங்களை வாய்விட்டுச் சொல்லவைக்க எனக்கு மனசில்லை.

அன்றைக்கு ராத்திரி நன்றாக அழுதேன். உங்கள் மாப்பிள்ளை கூடவே உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஒன்பது மணி வகுப்புக்குப் போய்விட்டேன்.

உங்களுக்கு இல்லை என்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். இதை நீங்கள் நம்ப வேண்டும். நம் வீட்டில் ஒருத்தராவது கீழே பார்க்காமல் படி இறங்கலாம். அம்மா இப்போதெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் இறங்குகிறாள். அவளுக்கும் இருக்கிறது என்பது எனக்குப் புரியாதா? வண்டியில் பக்கத்து இருக்கைக்கு வேறு ஆள் வைக்கச் சொல்லியிருக்கிறேன், உனக்கு வயசாகிவிட்டது என்று வம்புக்கு இழுத்து.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று அம்மா நம்புகிறாள். அது அப்படியே இருக்கட்டும். 'வாலு எதுவும் கேட்கவில்லை' என்று மட்டும் அவளுக்கு எழுதுங்கள். அது பொய்யும் இல்லை.

குழந்தை வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவெடுத்துவிட்டோம். நேற்று அம்மாவிடம் சொன்னேன். "எங்களுக்கு இஷ்டமில்லம்மா, ஜாலியா ஊர் சுத்தணும், அதுக்கு இதெல்லாம் சரிப்படாது" என்றேன். கண்ணை விரித்துக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள். சுயநலம் பிடித்தவள், பெற்றவள் மனசு தெரியாதவள், நன்றி கெட்டவள் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்துவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினாள். வெளியே வந்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்று தட்டை வைத்தாள்.

வாலு